மூன்றாவது கோடு

ஜெசிந்தா பதினொன்றரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுடைய அனுபவச் சான்றிதழ் வசுமதியின் மேஜை இழுப்பறையில், பழுப்பு உறைக்குள், நேற்று சாயங்காலமே கையெழுத்தாகிக் கிடந்தது. எடுத்துக் கொடுக்க வேண்டும், ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்க வேண்டும், நல்லா இருக்கியா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பத்து நிமிஷம்கூட ஆகாது. இப்போது மணி பத்தே கால்தான். அதற்குள் வசுமதி இழுப்பறையை இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பதினான்கு பேர் காதில் ஹெட்போனோடு குனிந்திருந்தார்கள். எங்கோ வெளிநாட்டில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு வாய்க்குள் முணுமுணுத்துப் பதிவு செய்ததை, திருச்சி தில்லைநகரில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து ஓட்டியும் நிறுத்தியும் கேட்டு, தட்டச்சு செய்து அனுப்புவது அவர்கள் வேலை. அவர்களைப் பார்த்துக்கொள்வது வசுமதியின் வேலை. முன்பெல்லாம் பார்ப்பதென்றால் எழுந்து நடந்துபோய்ப் பார்ப்பது. மூன்று வருஷமாக உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். அவளுடைய திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை இருக்கிறது, விட்ஜெட் என்று அதற்குப் பெயர். ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண்கள், ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஓயாமல் அசையும் கோடுகள். நீலக் கோடு அந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும். பச்சைக் கோடு மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். மூன்றாவதாக ஒரு கோடு உண்டு, ஹார்டு டிஸ்க்குக்கு. அது ஜூன் மாதத்திலிருந்து திரையில் இல்லை. தானாகப் போகவில்லை. வசுமதிதான் எடுத்தாள்.

எடுப்பதொன்றும் பெரிய காரியமில்லை. பட்டையின் மேல் வைத்து மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும், அதில் டிஸ்க் என்பதற்கு எதிரே இருக்கும் டிக்கை நீக்கினால் மறைந்துவிடும். கண்ணை உறுத்தியது, எடுத்தேன். இந்த ஐந்து மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு, பாத்திரம் தேய்க்கும்போதும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதும், பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நிஜமாகவே உறுத்தத்தான் செய்தது. மற்ற பதின்மூன்றிலும் அந்தக் கோடு எறும்பு ஊர்வதுபோலக் கொஞ்சம் முன்னால் போகும், பின்வாங்கும். ஏழில் மட்டும் விளிம்புவரை ஓடிப்போய் முட்டிக்கொண்டு சிவப்பாக நின்றுவிட்டது. வந்து உட்கார்ந்தாலும் சிவப்பு, சாப்பிட்டுவிட்டு வந்தாலும் சிவப்பு, சாயங்காலம் கைப்பையை மாட்டிக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாலும் சிவப்பு. சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் இருந்ததா என்றால், தெரியும். கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்க வெளியிலிருந்து வரும் ரஃபீக்தான் இந்த விட்ஜெட்டை வைத்துக் கொடுத்தார். அன்றைக்கே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். "ரொம்ப நாள் சிவப்பாவே நின்னா டிஸ்க் போகப் போகுதுன்னு அர்த்தம் மேடம். படிக்கவும் முடியாம எழுதவும் முடியாம கெடந்து திணறும். ஒரு ஃபோன் போடுங்க, அரை மணியில வேற மாத்திக் குடுத்துடுறேன்." அரை மணி. ஒரு ஃபோன். அந்த இரண்டையும் அவள் மனது நாக்கு ஆடுகிற பல்லைத் தேடுவதுபோலத் தேடித் தேடிப் போய்த் தொட்டது. ஏழில் அப்போது உட்கார்ந்திருந்தவள் ஜெசிந்தா.

ஃபோன் செய்யவே இல்லை என்றும் சொல்ல முடியாது. முதல்நாள் செய்தாள். ரஃபீக் எடுக்கவில்லை. அதற்குள் டீ வந்தது, டீயோடு ஒரு மெயில் வந்தது, பதினொன்றாம் நம்பர் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது, அப்படியே மறந்துபோயிற்று. மனுஷிதானே, மறக்காதா. மறந்துவிட்டேன் என்று சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள். ஆனால் வசுமதி மறக்கிற ஆள் இல்லை, தொல்லையே அங்கேதான் இருந்தது. பதினான்கு பேரில் யாருக்கு எந்த நாள் பிறந்தநாள், யாருடைய மாமியாருக்கு எந்தக் கண்ணில் ஆபரேஷன் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கணவரின் ரத்த அழுத்த மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம் என்று இங்கே உட்கார்ந்தபடி சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் நாள் முழுக்கக் கண்ணெதிரே சிவப்பாக நிற்கும் ஒன்றை எப்படி மறந்தாள்? மறக்க முடியாமல்தானே அதை எடுத்தாள்? மறந்தவள் எதற்கு மறைக்க வேண்டும்? இந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனம் வழக்கம்போலச் சட்டென்று வேறு பக்கம் திரும்பியது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வைத்த வாளி நிரம்பப் போகிறது, யாரையாவது கொட்டச் சொல்ல வேண்டும். கீழே ஜவுளிக்கடையில் புதுச் சரக்கு இறங்கியிருக்கிறது போலிருக்கிறது, கஞ்சி போட்ட துணியின் மணம் படிக்கட்டு வழியாக ஏறி இங்கே வரை வருகிறது. அந்த மணம் ஜெசிந்தாவுக்குப் பிடிக்காது, தலைவலி வரும் என்பாள், துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டே அடிப்பாள். அப்படி அடித்தாலும் ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு வரி. இந்த மாடியிலேயே அவளுக்கு அடுத்தவர் தொள்ளாயிரத்தைத் தாண்டியதில்லை.

மே மாதத்தில் ஒருநாள் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசும் வாராந்தரக் கூட்டம். மேனேஜர் சத்தியநாதனும் இருந்தார். ஒரு நோயாளியின் அறிக்கையில் மருந்துப் பெயரை வசுமதி திருத்தியிருந்தாள். ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ராலசினை அரிப்புக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிசின் என்று மாற்றியிருந்தாள். காதில் அப்படித்தான் விழுந்தது. இரண்டும் வாயில் ஒரே மாதிரி உருளும் பெயர்கள். ஜெசிந்தா ஓரடி முன்னால் வந்து, "அக்கா, நான் முதல்ல அடிச்சதுதான் சரிக்கா. நோயாளிக்கு பிரஷர் இருக்குன்னு மேலயே டாக்டர் சொல்றாரு. ரெண்டு தடவை போட்டுக் கேட்டுட்டேன். அனுப்புறதுக்கு முன்னாடி மாத்திடலாம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். குரலில் ஒரு குத்தல் இல்லை. சத்தியநாதன்தான் சிரித்தார். "வசுமதி மேடத்தையே திருத்துற ஆளு நம்மகிட்ட இருக்காங்கப்பா." எல்லாரும் சிரித்தார்கள், வசுமதியும் சிரித்தாள். ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை, சங்கடமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலைதான் வசுமதிக்குள் முள்ளாய்ப் போய்த் தைத்தது. சிரித்திருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டுத் தீர்த்திருக்கலாம். அவள் பரிதாபப்பட்டாள். இருபது வருஷ அனுபவத்தைப் பார்த்து முப்பத்தெட்டு வயதுக்காரி பரிதாபப்பட்டாள். அன்று வீட்டுக்குப் போய் வசுமதி அந்த இரண்டு மருந்துப் பெயர்களையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தாள், சமையலறையில் தனியாக நின்றுகொண்டு. ஜெசிந்தா சொல்லாமல் விட்டிருந்தால் யாரோ ஒரு மனுஷனுக்கு மருந்து மாறிப் போயிருக்கும். அதற்காக நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஆனால் இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மருந்து விஷயம் மே மாதம், சிவப்பு ஜூன் மாதம், இடையில் முழுசாக ஒரு மாதம் இருக்கிறது என்று வசுமதி நிதானமாக எண்ணிப் பார்த்தாள். எண்ணிப் பார்த்ததே அசிங்கமாக இருந்தது.

ஜூன் கடைசியில் ஜெசிந்தா இந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, நான் ஒண்ணு அடிச்சா எழுத்து கொஞ்சம் லேட்டா வந்து விழுதுக்கா. ஆடியோவும் நடுவுல நடுவுல நிக்குது. நிக்குறப்ப எங்க விட்டேன்னு தெரியாம போயிடுது." வசுமதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சர்வர் பிரச்சினைப்பா. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு" என்றாள். வாய் தானாகச் சொன்னது. சொல்லி முடித்தபின்தான் அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. திருத்த அப்போதும் நேரம் இருந்தது. ஜெசிந்தா கதவைச் சாத்தப் போகும் நேரம், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் நேரம். "சரிக்கா" என்று போய்விட்டாள். எல்லாருக்கும் அப்படித்தான் என்றால் எல்லாரும் எப்படி எப்போதும்போல எண்ணூறு, தொள்ளாயிரம் என்று அடிக்கிறார்கள் என்று அவள் யோசித்திருப்பாள். யோசித்து, அப்படியானால் குறை என்னிடம்தான் என்ற முடிவுக்கு வந்திருப்பாள். வேறு எந்த முடிவுக்கு வர முடியும், ஆயிரத்து நூறு தொள்ளாயிரமாகி, தொள்ளாயிரம் எழுநூறாகி, ஆகஸ்டில் ஐநூற்றுச் சொச்சத்தில் வந்து நின்றபோது? எழுத்து வரவில்லையே என்று மறுபடி அடித்தால் இரண்டு தடவை விழும், அதை அழிக்கப் போனால் அழிப்பதும் தாமதமாக நடந்து நல்லதையும் சேர்த்து அழித்துவிடும். வசுமதி இங்கிருந்தே பார்த்திருக்கிறாள். ஜெசிந்தா இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி காத்திருப்பாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சாப்பாட்டு நேரத்திலும் எழுந்திருக்காமல் அடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம், "நீங்க ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு தினமும் பயந்துக்கிட்டே இருக்கேன்க்கா. நீங்க ஒண்ணும் சொல்லாம இருக்கீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்குக் கோயில் கட்டணும்" என்றாள். வசுமதி, "போ, போ, பஸ்ஸப் புடி" என்றாள். அப்போது கோடு திரையில் இல்லை. கோடு இல்லாததால் சிவப்பும் இல்லை, சிவப்பு இல்லாததால் சொல்லவும் ஒன்றுமில்லை என்று ஒரு கணக்கு.

செப்டம்பரில் அவளைப் போகச் சொன்னார்கள். நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, சான்றிதழ் நல்லவிதமாகத் தருகிறோம் என்று சத்தியநாதன் அறைக்குள் வைத்துச் சொன்னாராம். வசுமதி அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம், "ஆபீஸ்ல ஒருத்தியை அனுப்பிட்டாங்க" என்றாள். "ஏன்?" என்றார். "ஸ்பீடு பத்தல." அவர் தலையாட்டிவிட்டு டிவியைப் பார்த்தார். அவ்வளவு சுலபமாக ஒருவர் நம்பியதை அவள் அன்றுதான் கண்டாள். டிஸ்க்காவது செத்துத் தொலைந்திருக்கலாம். போகப் போகிறது என்று ரஃபீக் சொன்னது இன்றுவரை போகவில்லை. போயிருந்தால் ரஃபீக் வந்திருப்பார், கழற்றியிருப்பார், "இது எப்போலேர்ந்து மேடம் இப்படி?" என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குத்தான் அவள் ராத்திரியெல்லாம் பதில் தயாரித்து வைத்திருந்தாள். நான் கவனிக்கவே இல்லையே ரஃபீக் என்பது ஒரு பதில். கேட்க ஆள் வரவில்லை. அதற்குப் பதில் அக்டோபரில் கார்குழலி வந்தாள், ஏழாம் நம்பருக்கு. இருபத்திரண்டு வயது, முசிறியிலிருந்து தினமும் வந்து போகிறவள், தேர்வு வைத்தபோது வேறொரு கம்ப்யூட்டரில் நிமிஷத்துக்கு எழுபது வார்த்தை அடித்துக் காட்டியவள். போன வாரம் அவளுடைய கணக்கு நாளுக்கு நானூற்று எண்பது வரி. வசுமதி நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கார்குழலி கைகள் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மணி பதினொன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. வசுமதியின் வலது கை மவுஸைப் பட்டையின் மேல் கொண்டுபோயிற்று. வேண்டாம், ஜெசிந்தா வந்துவிட்டுப் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மத்தியானம் ரஃபீக்குக்கு ஒரு ஃபோன் போட்டால் கார்குழலி தப்பித்துவிடுவாள், பழையதைக் கிளறாமலே புதியதைச் சரிசெய்துவிடலாம். நல்ல யோசனைதான். இப்படி நல்ல யோசனைகள் தனக்கு எவ்வளவு சுலபமாக வருகின்றன. விரல் பொத்தானை அழுத்தியது, பட்டியல் விரிந்தது, டிக் விழுந்தது. பதினான்கு எண்களுக்குப் பக்கத்திலும் மூன்றாவது கோடு வந்து உட்கார்ந்தது. பதின்மூன்று கோடுகள் ஊர்ந்தன, பின்வாங்கின. ஏழில் விளிம்புவரை சிவப்பு. ஒரு மயிரிழைகூடக் குறையாமல், அவள் விட்டுப்போன இடத்திலேயே. அதைப் பார்த்ததும் அவளுக்கு அதிர்ச்சி ஒன்றும் ஏற்படவில்லை. தெரிந்ததைத்தானே பார்க்கிறாள். இத்தனை நாளாக மனதைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்ட ஒரு மூலை இருந்தது. இப்போது மனம் கேட்காமல் நேரே அங்கே போய் நின்றது. ஆகஸ்ட் மாதம், சத்தியநாதனின் அறை. அவர் மேஜையில் ஜெசிந்தாவின் மூன்று மாதக் கணக்கு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எட்டு வருஷமா ஒரே மாதிரி அடிச்சவங்க திடீர்னு இப்படி இறங்குவாங்களா? அவங்க சிஸ்டத்துல ஏதாச்சும் கோளாறு இருக்கான்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார். கேட்டார். யாரும் கேட்கவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் பொய். ஒரு மனிதர், எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "எல்லா சிஸ்டமும் ஒரே மாதிரிதான் சார் ஓடுது. நான் தினமும் பாக்குறேனே" என்று வசுமதி சொன்னாள். மறந்துபோய்ச் சொல்லவில்லை. அதைச் சொல்லும்போது அவள் கண்ணுக்குள் அந்தச் சிவப்பு அப்படியே நின்றது. சொன்னபின் ஒரு சின்ன நிம்மதி வந்ததும் உண்மை. அது என்ன நிம்மதி, எதற்கு வந்தது என்று இன்றுவரை அவள் அதைத் திறந்து பார்த்ததில்லை. மே மாதத்துக் கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு அப்போதுதான் அடங்கியது.

ஜெசிந்தா பதினொன்றே முக்காலுக்கு வந்தாள். பொன்மலையிலிருந்து வரும் பஸ் தாமதம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். வலது மணிக்கட்டில் பழுப்பு நிற எலாஸ்டிக் பட்டை சுற்றியிருந்தது. அருகில் வந்ததும் வலிக்குத் தடவும் தைலத்தின் வாடை அடித்தது. "உக்காரு" என்றாள் வசுமதி. உறையை எடுக்க இழுப்பறையைத் திறந்தவள் மூடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. "கையில என்ன?" என்று கேட்டாள்.

"அதுவாக்கா. நரம்புல ஏதோன்னு நெனச்சேன். புத்தூர்ல ஒரு டாக்டர்கிட்டப் போனேன், படமெல்லாம் எடுத்துப் பார்த்துட்டு ஒண்ணும் இல்லங்கிறாரு. ஒண்ணும் இல்லாமலா இப்படி ஆகும்? விரல் முன்ன மாதிரி ஓட மாட்டேங்குதுக்கா." ஜெசிந்தா பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். "போன மாசம் கன்டோன்மென்ட்ல ஒரு எடத்துல டெஸ்டுக்குப் போனேன். ஹெட்போனைக் காதுல வச்சதுமே கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு வரி அடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன். இப்ப எங்க அக்கா தையல் கடையில கொக்கி வச்சுக் குடுக்கிறேன். அதுக்கு வேகம் வேணாம் பாருங்க." கொஞ்சம் நிறுத்தி, "என்னாலதான் உங்களுக்கும் சார்கிட்ட கெட்ட பேரு. அதான் நேர்லயே வந்து வாங்கிக்கிறேன்னேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு" என்றாள்.

இவள் மன்னிப்புக் கேட்கிறாள் என்பது வசுமதிக்கு உறைக்க இரண்டு விநாடி ஆயிற்று. இழுப்பறையிலிருந்து உறையை எடுத்தாள். கொடுத்துவிட்டால் எழுந்து போய்விடுவாள், இந்த மாடிப்படியை இனி ஏற மாட்டாள், பொன்மலை எங்கே தில்லைநகர் எங்கே, ஊரில் எதிர்ப்பட்டாலும் ஒரு சிரிப்போடு போய்விடலாம். அந்த விரல்கள் கடைசிவரை கொக்கி தைத்துக்கொண்டு, தங்கள்மேல்தான் குறை என்று நம்பிக்கொண்டே இருக்கும். வேலை போனது ஒரு நஷ்டம் என்றுதான் வசுமதி இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். வேறு வேலை கிடைக்கும், கெட்டிக்காரிக்குக் கிடைக்காதா என்று அதற்கு ஒரு சமாதானமும் வைத்திருந்தாள். கெட்டிக்காரி என்பதையே தான் எடுத்துக்கொண்டுவிட்டோம் என்று அவள் நினைத்ததில்லை. தண்ணீர் குடிக்கப் பாட்டிலை எடுத்து, குடிக்காமல் வைத்தாள். பயமாக இருந்தது. இவள் கத்துவாளோ, வெளியே எல்லாரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்களோ, சத்தியநாதன் என்ன செய்வார், நாற்பத்தேழு வயதில் வேறு எங்கே போய் உட்காருவது, கணவரிடம் என்னவென்று சொல்வது. பயம் வரிசையாக வந்தது. வந்துகொண்டிருக்கும்போதே, "இங்க வந்து பாரு ஜெசிந்தா" என்று தன் திரையைத் திருப்பினாள்.

ஜெசிந்தா எழுந்து வந்து அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இது ஏழு. நீ உக்காந்திருந்த சிஸ்டம். இந்தச் சிவப்புக்கு அதோட டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். அதான் எழுத்து லேட்டா விழுந்துச்சு, ஆடியோ நின்னுச்சு. உன் கையில ஒண்ணும் இல்ல. அந்த டாக்டர் சொன்னது சரி."

ஜெசிந்தா குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். அதன் மேலும் கீழும் இருந்த கோடுகளையும் பார்த்தாள். "இது இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாக்கா?" என்று கேட்டாள்.

இதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. ஆமாம் என்ற ஒரே சொல். ரஃபீக்குக்காக ராத்திரிகளில் செய்து வைத்ததே இதற்கும் பொருந்தும். "இல்ல" என்றாள் வசுமதி. "ஜூன் மாசமே தெரியும்."

"நான் வந்து கேட்டேனே, அதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான். ரெண்டு வாரம் இருக்கும். சார் கேட்டப்பவும் தெரியும். எல்லாம் ஒரே மாதிரிதான் ஓடுதுன்னு அவர்கிட்டச் சொன்னேன்."

ஜெசிந்தா கத்தவில்லை. நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்து, யாருடைய கைகளோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்பாள் என்று வசுமதி காத்திருந்தாள். மருந்துப் பெயர், கூட்டம், குனிந்த தலை எல்லாம் வாய்வரை வந்து நின்றன. அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லிவிட்டு லேசாகியிருக்கலாம் என்று தோன்றியதும் வசுமதி அதற்கும் கூசினாள். ஜெசிந்தா நிமிராமலே, "எங்க வீட்டுக்காரர் சொன்னாரு, மெஷின்தான் மக்கர் பண்ணுதோ என்னவோன்னு. இல்லங்க, எங்க வசுமதி அக்கா பாத்துக்கிட்டே இருப்பாங்க, அப்படி இருந்தா சொல்லிருப்பாங்கன்னு நான்தான் அவர் வாயை அடைச்சேன்" என்றாள். குரல் தட்டையாக இருந்தது. பிறகு, "இப்ப சொன்னதை எழுதுங்க. சாருக்கு மெயில் போடுங்க. நான் இருக்கும்போதே" என்றாள்.

வசுமதி எழுதினாள். இருபது வருஷமாகப் பிறர் சொன்னதை அடித்த கை, தன்னுடையதை அடிக்கத் தடுமாறியது. ஏழாம் எண் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் பழுதாகியிருந்தது ஜூன் மாதமே எனக்குத் தெரியும், அதை உங்களுக்குத் தெரிவிக்க மறந்துவிட்டேன். ஜெசிந்தா எழுந்து வந்து பின்னால் நின்றிருந்தாள். தைல வாடை பக்கத்தில் வந்தது. "மறந்தீங்களாக்கா?" என்றாள், மருந்துப் பெயரைச் சொன்ன அதே மரியாதையோடு. வசுமதியின் விரல் பின்னோக்கிப் போய் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகத் தின்றது. தெரிந்தும் தெரிவிக்கவில்லை என்று அடித்தாள். நீங்கள் கேட்டபோதும் மறைத்தேன் என்று யாரும் சொல்லாமலே அடுத்த வரியை அடித்தாள். வேகக் குறைவுக்கு ஜெசிந்தா காரணமில்லை என்பதை அவள் முழுப்பெயர் போட்டு எழுதினாள். அனுப்பினாள். அதில் ஒரு பிரதியை ஜெசிந்தாவின் மெயிலுக்கும் அனுப்பினாள். இனி என்ன நடக்கும் என்று யோசிக்க முயன்றாள், மனம் ஓடவில்லை. அது பாட்டுக்கு இந்த அறையிலேயே நின்றது.

ஜெசிந்தா சான்றிதழை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். கண்ணாடி வழியாக ஏழாம் நம்பரைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு யாரு?"

"கார்குழலி. புதுசு."

"அதுகிட்டச் சொல்லியாச்சா?"

"இல்ல."

"போய்ச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

வசுமதி எழுந்தாள். வரிசைகளுக்கு நடுவே அவள் நடந்து வருவதைப் பார்த்து ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். மேடம் எழுந்து வந்தால் யாருக்கோ ஏதோ என்பது அந்த மாடியில் எல்லாருக்கும் தெரியும். ஏழுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் கார்குழலி பெடலிலிருந்து காலை எடுத்தாள். ஹெட்போனைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது. வசுமதி வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஸாரிக்கா. நாளைலேர்ந்து இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடுறேன். எப்படியாச்சும் வேகத்தை ஏத்திடுறேன்க்கா."

"உன் மேல தப்பு இல்லம்மா" என்றாள் வசுமதி. பக்கத்தில் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளருகே உட்கார்ந்தாள். "நான் சொல்றதக் கேளு."